'திறமூல நிரலை அடிப்படையாகக் கொண்ட' பூட்டு: 2002 மசோதாவின் அந்த ஒரு வரிக்கு என்ன பொருள்?

வெள்ளெருக்கு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. அமெரிக்க செனட்டில் 2002 மார்ச் 21 அன்று ஃபிரிட்ஸ் ஹாலிங்ஸ் முன்வைத்த நகல் தடுப்பு மசோதாவைப் பற்றித் தமிழில் ஒரு விளக்கக் கட்டுரை எழுதி வருகிறேன். முக்கால்வாசி முடிந்துவிட்டது. ஒரே ஒரு வரியில் மாட்டிக்கொண்டு மூன்று நாளாக நகர முடியவில்லை. அதற்காகத்தான் இந்த இழை.

தெரியாதவர்களுக்குக் கொஞ்சம் பின்னணி. மசோதாவின் பெயர் 'நுகர்வோர் அகலப்பட்டை, டிஜிட்டல் தொலைக்காட்சி ஊக்குவிப்புச் சட்டம்'. பெயரைப் பார்த்தால் எல்லா வீட்டுக்கும் வேகமான இணையம் கொடுக்கப் போகிறார்கள் என்று தோன்றும். உள்ளே இருப்பது வேறு. பதிப்புரிமை உள்ள படைப்பை டிஜிட்டல் வடிவில் நகலெடுக்கவோ, வடிவம் மாற்றவோ, எடுத்துப் பார்க்கவோ உதவும் எந்தக் கருவியானாலும் சரி, வன்பொருளோ மென்பொருளோ, அதற்குள் அரசு ஏற்றுக்கொண்ட பாதுகாப்பு நுட்பம் இருந்தே ஆக வேண்டும். இல்லாவிட்டால் அதைத் தயாரிக்கக் கூடாது, விற்கக் கூடாது, இறக்குமதியும் செய்யக் கூடாது. அந்த நுட்பம் எது என்பதைக் கருவி தயாரிப்பவர்களும் பதிப்புரிமை வைத்திருப்பவர்களும் நுகர்வோர் அமைப்புகளும் ஓராண்டுக்குள் பேசி முடிவு செய்ய வேண்டும். ஒத்துவராவிட்டால் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசி தானே விதி வகுக்கும்.

அந்த நுட்பத்துக்கு என்னென்ன குணங்கள் வேண்டும் என்று ஒரு பட்டியல் வருகிறது. நம்பகமாக இருக்க வேண்டும், தாக்குதலைத் தாங்க வேண்டும், புதுப்பிக்கத் தக்கதாக, பல தளங்களில் இயங்குவதாக, செலவு எட்டாததாக இல்லாமல் இருக்க வேண்டும். பட்டியலின் கடைசியில்தான் நான் மாட்டிக்கொண்ட வரி: மென்பொருள் பகுதி ஏதும் இருந்தால் அது திறமூல நிரலை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும்.

அதே மசோதாவின் இன்னொரு பிரிவு, கருவிக்குள் இருக்கும் அந்த நுட்பத்தைத் தெரிந்தே நீக்குவதும் மாற்றுவதும் சட்டவிரோதம் என்கிறது.

இரண்டும் ஒரே சட்டத்தில் எப்படிச் சேர்ந்து நிற்கும்? 'திறமூலம்' என்று நான் எழுதினால் வாசிப்பவர் மனத்தில், யாரும் படித்து மாற்றி எழுதிக்கொள்ளக்கூடிய லினக்ஸ் இயங்குதளம்தான் வந்து நிற்கும். அப்படி நினைக்கவிடுவது அவருக்கு நான் தப்பான தகவல் கொடுப்பதாகாதா?


கல்தச்சன் எழுதியது:

எனக்கு இதில் முரண்பாடு தெரியவில்லை. பாதுகாப்புத் துறையில் இருப்பவர்கள் முதல் நாளிலேயே கற்றுக்கொள்வது 1883இல் கெர்க்ஹோஃப்ஸ் சொன்ன கொள்கை: அமைப்பு முழுவதும் எதிரிக்குத் தெரிந்திருந்தாலும், விசை, அதாவது மறையாக்கத்தைத் திறக்கும் சாவி, மட்டும் இரகசியமாக இருந்தால் போதும் என்ற அளவில் அது நிற்க வேண்டும். மசோதா வருவதற்கு நான்கு மாதம் முன்புதான், 2001 நவம்பரில், ஏஇஎஸ் மறையாக்க முறையை அமெரிக்க அரசு தரநிலையாக்கியது. பல நாட்டு ஆய்வாளர்கள் போட்டியிட்டு, ஒருவர் முறையை இன்னொருவர் உடைத்துப் பார்த்து, எல்லாம் வெளிச்சத்தில் நடந்த தேர்வு அது.

ஆகவே அந்த வரியை எழுதியவர்கள் நல்லதைத்தான் நினைத்திருப்பார்கள். மூடிய பெட்டிக்குள் வைத்த நுட்பத்தை யாரும் நம்பமாட்டார்கள், எனவே நிரலைத் திறந்து வையுங்கள் என்கிறது. ஒரே நிறுவனம் உரிமக் கட்டணம் வாங்கிக்கொண்டு சந்தையைப் பிடித்துக்கொள்வதையும் இது தடுக்கும். 'திறமூலம்' என்றே எழுதுங்கள், தவறில்லை.


நூலேணி எழுதியது:

கல்தச்சன், கெர்க்ஹோஃப்ஸ் கொள்கை சரி. இங்கே அதைப் பொருத்துவதில்தான் எனக்கு உடன்பாடில்லை.

ஏஇஎஸ் காப்பது இருவர் பேச்சை மூன்றாமவரிடமிருந்து. நீங்களும் நானும் விசை வைத்திருக்கிறோம், ஒட்டுக்கேட்பவரிடம் இல்லை. நகல் தடுப்பில் அந்த மூன்றாமவர் யார்? வட்டை வாங்கியவர். விசை எங்கே இருக்கிறது? அவர் வீட்டில், அவர் காசு கொடுத்து வாங்கிய கருவிக்குள். பூட்டையும் சாவியையும் ஒருவர் கையில் கொடுத்துவிட்டு, நான் சொல்லும்போது மட்டும் திற என்று கேட்பது போன்ற ஏற்பாடு இது. சாவி எங்கே செருகப்படுகிறது என்று அவருக்குத் தெரியாமல் இருக்கும் வரைதான் ஏற்பாடு நிற்கும். நிரலைத் திறந்து காட்டினால் அந்த இடம் தெரிந்துவிடும்.

டிவிடிக்கு நடந்ததைப் பாருங்கள். அதன் காப்பு முறையான சிஎஸ்எஸ் வெறும் 40 பிட் விசையில் இயங்கியது. 1999இல் அது உடைந்தது. உரிமம் பெற்ற ஒரு மென்பொருளில் விசை சரியாக மறைக்கப்படாமல் கிடந்ததும் அதற்கு ஒரு காரணம். உடைத்தவர்களில் ஒருவரான நார்வே இளைஞர் யோன் யோஹன்சனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தினார்கள். 2003இல் இரண்டு முறை விடுதலையானார். தன் லினக்ஸ் கணினியில், தான் காசு கொடுத்து வாங்கிய வட்டைப் பார்ப்பதற்கான நிரல் என்பதுதான் அங்கே பேசப்பட்டது. அதே நிரலை இணையத்தில் வைத்ததற்காக நியூயார்க்கில் ஒரு பத்திரிகை மீது தொடுத்த வழக்கில், இன்னொரு தளத்துக்கு இணைப்புக் கொடுப்பதைக்கூட நீதிமன்றம் தடை செய்தது.


தும்பை எழுதியது:

வெள்ளெருக்கு அண்ணா, சொல்லிலிருந்தே தொடங்கலாம் என்று நினைக்கிறேன். 'ஓப்பன் சோர்ஸ்' என்ற சொல்லே 1998 பிப்ரவரியில்தான் புழக்கத்துக்கு வந்தது. மசோதா எழுதும்போது அதற்கு வயது நான்கு. ஆனால் அதற்குள் அதற்கு எழுதி வைத்த வரையறை இருந்தது. லினக்ஸ் வெளியீடுகளில் ஒன்றான டெபியன் திட்டத்துக்காக 1997இல் புரூஸ் பெரன்ஸ் எழுதிய வழிகாட்டு நெறிகளிலிருந்து எடுத்து, பத்து நிபந்தனைகளாகத் திறமூல முன்னெடுப்பு அமைப்பு வெளியிட்டது. மூல நிரல் கிடைக்க வேண்டும் என்பது அந்தப் பத்தில் ஒன்று மட்டுமே. மாற்றி எழுதவும், மாற்றியதை அதே உரிமத்தில் விநியோகிக்கவும் அனுமதி வேண்டும் என்பது இன்னொன்று. எந்தத் துறையில் பயன்படுத்துவதையும் தடுக்கக் கூடாது என்பது மற்றொன்று.

அதாவது வாசிக்கலாம், தொடக் கூடாது என்றால் அந்த வரையறைப்படி அது திறமூலம் ஆகாது. இதில் வாதத்துக்கே இடமில்லை.

நம் மொழியில் இன்னொரு சொல் இருக்கிறதே, 'கட்டற்ற மென்பொருள்'. நிரலை இயக்க, படித்து மாற்ற, பகிர, மாற்றியதைப் பகிர என்று ரிச்சர்ட் ஸ்டால்மன் சொன்ன நான்கு சுதந்திரங்களைக் குறிக்க நாம் புழங்கும் சொல். 'கட்டு' என்றால் கயிறு, தளை. சட்டம் கேட்கும் நிரல் கட்டப்பட்ட நிரல். அந்த மசோதாவைப் பற்றிய பத்தியில் 'கட்டற்ற' என்று எழுத உங்கள் கை வராது. 'திறமூலம்' என்று எழுத மட்டும் கை வருகிறது, ஏனென்றால் 'திற' என்பது கதவைத் திறப்பதையும் சொல்லும், சன்னலைத் திறப்பதையும் சொல்லும். சன்னல் வழியாகப் பார்க்கத்தான் முடியும்.

(இன்னொன்று: கட்டுரையில் ஒரு இடத்தில்கூட 'காப்புரிமை' என்று போட்டுவிடாதீர்கள். பாதிப் பத்திரிகைகள் பதிப்புரிமைக்கும் அதையே எழுதுகின்றன, பேடண்டுக்கும் அதையே எழுதுகின்றன. இரண்டும் இரண்டு வெவ்வேறு சட்டம்.)


கரிச்சான் எழுதியது:

நான் இசைப்பதிவுத் துறையில் இருபது வருடமாக இருக்கிறேன். இங்கே எல்லோரும் பயனர் பக்கம் நின்று பேசுகிறீர்கள், அதனால் இந்தப் பக்கத்தையும் சொல்கிறேன்.

பாட்டுக் கோப்புகளை இணையத்தில் இலவசமாகப் பகிர வைத்த நாப்ஸ்டர் 1999இல் வந்தது. நீதிமன்றம் 2001இல் அதை நிறுத்துவதற்குள், ஒரு பாட்டுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்ற எண்ணமே ஒரு தலைமுறைக்கு இல்லாமல் போய்விட்டது. பெரிய நிறுவனங்களை விடுங்கள். நாங்கள் சில பேர் சேர்ந்து எட்டு மாதம் உழைத்துச் செய்த ஒரு தொகுப்பு, வெளியான மறுநாளே இணையத்தில் கிடந்தது. வயலின் வாசித்தவருக்கு நான் சொன்ன தொகையைக் கொடுக்க முடியவில்லை. அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

ஹாலிங்ஸ் தவறான வழியில் போயிருக்கலாம். ஆனால் ஏதாவது செய்ய வேண்டும் என்று நினைத்தது குற்றமா?


வெள்ளெருக்கு எழுதியது:

கரிச்சான், குற்றமே இல்லை. நீங்கள் எழுதியதை இரண்டு முறை படித்தேன். இதைக் கட்டுரையிலும் சேர்க்கத்தான் வேண்டும், பெயர் இல்லாமல், நீங்கள் சம்மதித்தால்.

எனக்கு இடிக்கும் இடம் வேறு. 1998இன் டிஎம்சிஏ என்ற அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்திலேயே உங்கள் பக்கத்துக்கு வலுவான ஆயுதம் இருந்தது. தொழில்நுட்பக் காப்பை உடைப்பதும், உடைக்கும் கருவியை விற்பதும் அதன்படி ஏற்கெனவே தடை. இலாபத்துக்காக வேண்டுமென்றே செய்தால் முதல் குற்றத்துக்கே ஐந்து ஆண்டு வரை சிறை, 5,00,000 டாலர் வரை அபராதம். ஆனால் அந்தச் சட்டம், கருவி செய்பவர் ஒவ்வொருவரும் நகல் தடுப்புக்கு ஏற்றபடியே கருவியை வடிவமைக்க வேண்டும் என்று பொதுவாகக் கட்டாயப்படுத்தவில்லை. பூட்டு போடுகிறவர் போடலாம், போட்ட பூட்டை உடைக்காதே, அவ்வளவுதான். ஹாலிங்ஸ் மசோதா அந்தக் கோட்டைத் தாண்டியது. பூட்டில்லாத கதவு செய்வதே தடை என்றது.

'டிஜிட்டல் ஊடகக் கருவி' என்பதற்கு அது கொடுத்த பொருள் எவ்வளவு அகலம் என்றால், பிரின்ஸ்டன் பேராசிரியர் எட் ஃபெல்டன் அந்த வலைக்குள் விழக்கூடிய பொருள்களை ஒவ்வொன்றாகத் தன் வலைப்பதிவில் வரிசைப்படுத்தினார். பேசும் பொம்மைகள்கூட அதில் வந்தன. அவர் வேறு யாரோ இல்லை. இசைத்துறையே உடைத்துப் பாருங்கள் என்று 2000இல் சவால் விட்ட எஸ்டிஎம்ஐ என்ற இசை நகல் தடுப்பு நுட்பங்களை உடைத்துக் காட்டி, அந்த ஆய்வை வெளியிட்டால் வழக்கு வரலாம் என்ற கடிதத்தை 2001 ஏப்ரலில் பெற்றவர். அவர் வழக்குத் தொடுத்த பிறகு, அதே ஆண்டு ஆகஸ்ட்டில்தான் கட்டுரையை மேடையில் வாசிக்க முடிந்தது.

ஆய்வாளருக்கே இந்த நிலை என்றால், 'திறமூலம்' என்ற வரியை நம்பி நிரலில் கை வைக்கும் சாதாரண ஆளுக்கு?


பழைய நிரலர் எழுதியது:

நான் பேச வேண்டிய இடம் வந்துவிட்டது. 2004 வாக்கில் நாங்கள் நான்கு பேர் பொழுதுபோக்காகத் தொலைக்காட்சிப் பதிவு நிரல் ஒன்று எழுதிக்கொண்டிருந்தோம். அன்று மித்டிவி மாதிரியான திட்டங்களைப் பார்த்து ஆசை பிடித்துத் தொடங்கியது. ஒருவர் அமெரிக்காவில் இருந்தார்.

ஹாலிங்ஸ் மசோதா ஓட்டெடுப்புக்கே வராமல் அந்த காங்கிரஸோடு காலாவதியானது உண்மை. ஆனால் அதன் கருத்து சாகவில்லை. 2003 நவம்பரில் எஃப்சிசி 'ஒளிபரப்புக் கொடி' விதியைக் கொண்டுவந்தது. டிஜிட்டல் ஒளிபரப்போடு சேர்ந்து ஒரு சிறு குறி வரும். 2005 ஜூலை 1க்குப் பிறகு தயாராகும் ஒவ்வொரு ஏற்பியும் (ஒளிபரப்பை வாங்கும் கருவி) அந்தக் குறியை மதிக்க வேண்டும். அது போதாதென்று, பயனர் தன் கையிலிருக்கும் சாதாரணக் கருவிகளால் அந்தக் காப்பை முறியடிக்க முடியாதபடி ஏற்பி உறுதியாகச் செய்யப்பட்டிருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை.

எங்களுக்கு அன்று வயிற்றைக் கலக்கியது குறி இல்லை, இந்த நிபந்தனைதான். குறியை மதிக்கும் நிரலை எழுதுவது அரை மணி நேர வேலை. ஆனால் எங்கள் நிரல் கட்டற்றது. அந்த வரிகளை யாரும் நீக்கிவிட்டு மறுபடி தொகுத்துக்கொள்ளலாம். அதற்குத் தேவையானது ஓர் உரை திருத்தி மட்டும். நல்ல நிரலரோ கெட்ட நிரலரோ, திறந்த நிரலால் அந்த நிபந்தனையை நிறைவேற்றவே முடியாது. அமெரிக்காவில் இருந்த நண்பர் விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல முடியாது, அவருக்குக் குடும்பம் இருந்தது. மூன்று பேராகக் கொஞ்ச நாள் ஓட்டினோம், அப்புறம் நின்றுபோனது.

நூலகச் சங்கம் தொடுத்த வழக்கில் வாஷிங்டன் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2005 மே 6 அன்று அந்த விதியை ரத்து செய்தது. ஒளிபரப்பு வந்து சேர்ந்த பிறகு கருவிக்குள் என்ன நடக்கிறது என்பதைக் கட்டுப்படுத்த எஃப்சிசிக்கு அதிகாரமே இல்லை என்பது தீர்ப்பு. அமலுக்கு வர எட்டே வாரம் இருந்த நேரம். எங்கள் திட்டத்துக்கு அந்தத் தீர்ப்பு பிந்தி வந்தது.


கல்தச்சன் எழுதியது:

பழைய நிரலர் ஐயா, இந்தக் கோணத்தில் நான் யோசிக்கவில்லை. ஆனாலும் ஒரு கேள்வி. நிரலைத் திறந்து வைத்துவிட்டு, கருவி மட்டும் தயாரிப்பாளர் டிஜிட்டல் கையொப்பமிட்ட நிரலைத்தான் ஏற்கும் என்று செய்தால்? யார் வேண்டுமானாலும் நிரலை மாற்றிக்கொள்ளட்டும், வேறு கணினியில் ஓட்டிக்கொள்ளட்டும். அந்தக் கருவியில் மட்டும் ஓடாது. அப்போது திறமூலமும் இருக்கும், காப்பும் இருக்கும் இல்லையா?


நூலேணி எழுதியது:

அது நடந்த கதைதான். டிவோ என்ற தொலைக்காட்சிப் பதிவுப் பெட்டி லினக்ஸில் ஓடியது. லினக்ஸின் உரிமமான ஜிபிஎல் கேட்டபடி மூல நிரலையும் கொடுத்தார்கள். ஆனால் மாற்றிய கெர்னலை, அதாவது லினக்ஸின் மையப் பகுதியை, பெட்டி ஏற்காது. உரிமத்தின் சொற்கள் காப்பாற்றப்பட்டன, எதற்காக அந்தச் சொற்கள் எழுதப்பட்டனவோ அது போய்விட்டது. 2007 ஜூன் 29 அன்று வந்த ஜிபிஎல் மூன்றாம் பதிப்பு இதற்காகவே ஒரு பிரிவு சேர்த்தது: நுகர்வோர் கருவியோடு நிரலைக் கொடுத்தால், மாற்றிய நிரலை அதில் நிறுவத் தேவையான தகவலையும் கொடுக்க வேண்டும். அந்த உரிமத்தின் கீழ் வரும் எந்த நிரலும் சட்டப்படியான தொழில்நுட்பக் காப்பாகக் கருதப்படாது என்றும் எழுதி வைத்தார்கள்.

நேர்மையாக ஒன்றையும் சொல்ல வேண்டும். லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் அந்தப் பிரிவை ஏற்கவில்லை. லினக்ஸ் கெர்னல் இன்றும் இரண்டாம் பதிப்பில்தான் இருக்கிறது. நிரலைத் திருப்பிக் கொடுத்தால் போதும், கருவி செய்பவர் தன் கருவியை எப்படி வேண்டுமானாலும் செய்யட்டும் என்பது அவர் பக்கம். ஆகவே கல்தச்சன் சொல்லும் ஏற்பாட்டைத் 'திறமூலம்' என்று அழைப்பவர்கள் திறமூல உலகத்துக்குள்ளேயே உண்டு. ஆனால் அங்கே கருவி செய்பவர் தானாக எடுத்த முடிவு அது. பூட்டில்லாத இன்னொரு கருவியை நான் தேடி வாங்கலாம். சட்டமே எல்லாக் கருவிக்கும் பூட்டு என்றால், நீங்கள் சொல்லும் அந்த 'வேறு கணினி' எங்கே கிடைக்கும்?


தும்பை எழுதியது:

நூலேணியின் கடைசிக் கேள்வியை நான் வேறு இடத்தில் பார்த்திருக்கிறேன். பார்வையற்ற ஒருவருக்கு மின்னூல் படிக்க உதவிக்கொண்டிருந்தேன். நூலை அவர் காசு கொடுத்துத்தான் வாங்கினார். உரக்க வாசிக்கும் வசதியைப் பதிப்பாளர் அடைத்து வைத்திருந்தார்.

டிஎம்சிஏ சட்டத்தில் இதற்கு விலக்கு உண்டு. மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் பரிசீலனையில், 2003இல் இந்த மாதிரி மின்னூல்களுக்கு விலக்கு கிடைத்தது. ஆனால் அந்த விலக்கு காப்பை நீக்கும் செயலுக்குத்தான். நீக்கும் கருவியை இன்னொருவருக்குச் செய்து கொடுப்பதற்கு விலக்கு இல்லை. பார்வையில்லாதவர் பூட்டைத் தானே திறந்துகொள்ளலாம், திறப்பதற்கான கம்பியை யாரும் அவருக்குக் கொடுக்கக் கூடாது. எத்தனை பேரால் தாமே நிரல் எழுதிக்கொள்ள முடியும்? எனக்கு இன்றும் ஆறாத கோபம் இது.

2001 ஜூலையில் லாஸ் வேகாஸில் ரஷ்ய நிரலர் திமித்ரி ஸ்க்லியாரொவைக் கைது செய்ததும் மின்னூல் காப்பை நீக்கும் மென்பொருளுக்காகத்தான். அவர் வேலை பார்த்த நிறுவனத்தை 2002 டிசம்பரில் நடுவர் குழு நிரபராதி என்றது.

ஆகவே அண்ணா, மாற்றும் உரிமை நிரலர்களின் சொகுசு என்று மட்டும் உங்கள் கட்டுரை நினைக்க வைத்துவிடக் கூடாது. ஒருவர் மாற்றினால்தான் ஆயிரம் பேர் பயன்படுத்த முடியும்.


கரிச்சான் எழுதியது:

தும்பை சொன்னது எனக்குப் புதிது. அந்த நூலை எழுதியவரும் என் மாதிரி ஒருவர்தான். அவர்கூட இதை விரும்பியிருக்க மாட்டார்.

வெள்ளெருக்கு, நான் எழுதியதை நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒரு கேள்வி: 'திறந்த தரநிலை' என்று வேறு சொல்கிறார்களே, அதுவும் திறமூலமும் ஒன்றா? மசோதாவில் இரண்டும் வருகிறதா?


பழைய நிரலர் எழுதியது:

ஒன்றல்ல. தரநிலை என்பது தாளில் இருக்கும் விவரம்: இந்தத் திருகின் விட்டம் இவ்வளவு, மரை இப்படி. அது திறந்தது என்றால் யார் வேண்டுமானாலும் அதைப் படித்து, யாரிடமும் கைகட்டி நிற்காமல் திருகு செய்யலாம். திறமூலம் என்பது செய்து வைத்த திருகைப் பற்றியது.

மசோதாவில் இரண்டும் வருகின்றன. 'திறந்த பாதுகாப்புத் தரநிலைகள்' என்பதை இலக்காக வைத்துவிட்டு, அதன் கீழேதான் திறமூல வரி. நகல் தடுப்பில் தாளையாவது முழுதாகத் திறக்க முடியுமா என்பதே சந்தேகம். 2017 செப்டம்பரில், இணையத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி, இஎம்இ என்ற தரநிலையை ஏற்றது. காப்பிட்ட காணொளியை உலாவியில் ஓட்ட வழி சொல்லும் தரநிலை. விவரம் எல்லோருக்கும் திறந்தது. ஆனால் காப்பை அவிழ்க்கும் உள் நிரல் தரநிலைக்கு வெளியே, மூடிய பெட்டியாக இருக்கிறது. அந்தப் பெட்டியைச் செய்யும் நிறுவனத்தின் சம்மதம் இல்லாமல் புதிய உலாவி எழுதுகிறவர் பல படங்களை ஓட்டவே முடியாது. டிஜிட்டல் உரிமைகளுக்காகப் போராடும் இஎஃப்எஃப் அமைப்பு அதே நாளில் டபிள்யூ3சியிலிருந்து விலகியது.


கல்தச்சன் எழுதியது:

நான் தொடங்கிய இடத்திலிருந்து நகர்ந்திருக்கிறேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 2005இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 'ட்ரீம்' என்ற பெயரில் திறமூல நகல் தடுப்பு முறை ஒன்றை அறிவித்ததை இங்கே எடுத்துக்காட்டலாம் என்றுதான் வந்தேன். அவர்கள் மனதார முயன்றார்கள். ஆனால் அதிலும் நூலேணி கேட்ட கேள்விக்கு, விசை யார் வீட்டில் இருக்கிறது என்பதற்கு, நிரலைத் திறப்பது மட்டும் விடையாகாது.

வரியை எப்படி எழுதப் போகிறீர்கள்?


வெள்ளெருக்கு எழுதியது:

இரவு உட்கார்ந்து எழுதினேன். 'திறமூலம்' என்ற சொல்லை எடுத்துவிடலாமா என்று முதலில் பார்த்தேன். எடுத்தால் மசோதா சொன்னதை நான் மாற்றியதாகிவிடும். அவர்கள் அந்தச் சொல்லைத்தான் போட்டார்கள், அது அப்படியே நிற்க வேண்டும். ஆனால் தனியாக நிற்கவிட மாட்டேன். இப்போதைய வடிவம் இது:

"மென்பொருள் பகுதி ஏதும் இருந்தால் அது திறமூல நிரலை அடிப்படையாகக் கொண்டிருக்க வேண்டும் என்கிறது மசோதா. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று எங்கும் சொல்லவில்லை. கருவியில் இருக்கும் அந்த நிரலை மாற்றுவதை இன்னொரு பிரிவில் தடுக்கிறது. ஆகவே இங்கே திறமூலம் என்பதற்கு, வாசிக்கக் கிடைக்கும் நிரல் என்ற அளவிலேயே பொருள் கொள்ள முடியும். திறமூல வரையறை கேட்கும் மாற்றும் உரிமை இதில் இல்லை."

அடுத்த பத்தியில் கரிச்சானின் வயலின் கலைஞர், அதற்கடுத்து தும்பையின் மின்னூல். பழைய நிரலர் ஐயா, ஒளிபரப்புக் கொடிப் பகுதியை உங்களுக்குத் தனிமடலில் அனுப்புகிறேன். தேதிகளை ஒருமுறை சரிபார்த்துக் கொடுங்கள். உங்கள் நான்கு பேர் திட்டத்தையும் இரண்டு வரியில் சேர்த்திருக்கிறேன், வேண்டாம் என்றால் எடுத்துவிடுகிறேன்.


பழைய நிரலர் எழுதியது:

இருக்கட்டும், எடுக்க வேண்டாம். மற்ற இருவரிடமும் இன்று மாலை கேட்டுச் சொல்கிறேன்.